கே.பி. சுந்தராம்பாள்: மேடை தந்த புகழும் வாழ்வு கேட்ட விலையும்

கலையைப் போற்றுவதில் எமது சமூகம் ஒருபோதும் பின்நின்றதில்லை. ஆனால் அந்தக் கலையை மேடையில் நிகழ்த்துபவர் ஒரு பெண்ணாக இருக்கும்போது, அவரது கலைக்கு ஓர் அளவுகோலையும் அவரது வாழ்வுக்கு வேறோர் அளவுகோலையும் வைத்துக்கொள்வது எம்மிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். இரவில் கைதட்டி மகிழ்ந்தவர்களே பகலில் கூத்தாடி என்று இகழ்ந்த காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தில் மேடையேறி, பின்னர் வெள்ளித்திரையிலும் தோன்றி, இறுதியில் சட்டமன்ற ஆசனத்திலும் அமர்ந்த ஒரு பெண்மணியின் வாழ்வை இன்று மீட்டுப் பார்ப்பது பயனுடையதாகும். அவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள்.

யாழ். குடாநாட்டில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோயில் திருவிழாக் காலங்களில் ஒலிபெருக்கிகள் வழியாகவும், இலங்கை வானொலியின் காலைப் பொழுதுகளிலும் அவரது குரலைக் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். முதுமை கனிந்த ஒளவையாரின் உருவத்தோடு இணைந்தே அவர் எமது நினைவில் நிலைத்துவிட்டார். ஆனால் அவ்வுருவத்துக்குப் பின்னால் ஓர் இளம் பெண் இருந்தாள் என்பதையும், அவளது வாழ்வின் மிக முக்கியமான திருப்பம் இந்த இலங்கை மண்ணிலேயே நிகழ்ந்தது என்பதையும் அறிந்தவர்கள் சிலரே.

சுந்தராம்பாள் 1908 ஒக்டோபர் 11 ஆம் திகதி, தமிழ்நாட்டின் காவிரிக் கரையில் அமைந்துள்ள கொடுமுடி என்னும் ஊரில் பிறந்தவர். தாயார் பெயர் பாலாம்பாள். பெயருக்கு முன்னுள்ள இரண்டு எழுத்துக்களும் ஊரையும் தாயையுமே குறிக்கின்றன. வறுமை அக்குடும்பத்தை வாட்டியது. சிறுமி சுந்தராம்பாள் புகையிரதத்தில் பாடி, பயணிகள் தரும் சில்லறைகளைப் பெற்றுக் குடும்பத்துக்கு உதவினார். அவ்வாறு பாடிய குரலைக் கேட்டு வியந்த திருச்சிராப்பள்ளிப் புகையிரத அதிகாரியும் நாடக ஆர்வலருமான எப்.ஜி. நடேச ஐயர், அவரை வேலு நாயரின் நாடகக் கம்பனியில் சேர்ப்பித்தார் என்பது பரவலாகக் கூறப்படும் வரலாறு. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் ஆண் குழந்தையாக அவர் தோன்றிய காட்சி, தொடக்க காலத்தில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பசியை அறிந்த குழந்தைக்கு அதை நடித்துக் காட்டுவது கடினமாக இருந்திருக்காது.

அன்றைய தமிழ் நாடக உலகு எத்தகையது என்பதை இங்கு சிறிது நோக்க வேண்டும். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் யாத்தளித்த நாடகங்கள் தமிழகமெங்கும் மேடையேறிக்கொண்டிருந்த காலம் அது. வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, நல்லதங்காள், நந்தனார் முதலானவை மக்கள் மீண்டும் மீண்டும் பார்த்து மகிழ்ந்த நாடகங்கள். இவற்றுடன் பாரசீக, அரபுக் கதை மரபில் வந்த குலேபகாவலி, அலிபாபா போன்ற கதைகளும் இதே மேடைகளில் ஆடப்பட்டன. இந்த மேடையின் திரைச்சீலைகளும் காட்சி அமைப்பும் ஆர்மோனியமும் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் வழியே தமிழுக்குக் கிடைத்தவை. அக்குழுக்களின் புகழ்பெற்ற நாடகங்களுள் ஒன்றான இந்திரசபா, லக்னோவைச் சேர்ந்த ஆகா ஹசன் அமானத் என்ற முஸ்லிம் கவிஞர் உருது மொழியில் இயற்றியது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைக்கும் வந்த அந்நாடக மரபு, சிங்கள நாடகத்தில் நூர்த்தி என்ற புதிய வடிவம் தோன்றுவதற்குக் காரணமாயிற்று. ஒரு சமயத்துக்கோ ஒரு மொழிக்கோ மட்டும் உரியதாக இருந்திராத அந்த மேடையே சுந்தராம்பாளை வளர்த்தது.

யாழ்ப்பாணத்திலும் இந்த அலை வலுவாகவே வீசியது. தமிழகத்திலிருந்து வந்த நாடகக் கம்பனிகள் இங்கு கொட்டகை அமைத்து நாடகம் நடத்தியமையால், எமது மக்கள் அதனைக் கொட்டகைக் கூத்து என்றே அழைத்தனர். 1914 ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கப்பட்ட பின்னர், நடிகர்களும் பக்கவாத்தியக்காரர்களும் தங்கள் உடுப்புப் பெட்டிகளோடும் திரைச்சீலைகளோடும் கடலைக் கடந்து வருவது எளிதாயிற்று. அந்தக் கொட்டகைகளில் கேட்ட பாட்டையும் பார்த்த நடிப்பையும் எமது கலைஞர்கள் தமதாக்கிக்கொண்டனர். பிற்காலத்தில் காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி.வி. வைரமுத்து மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நின்று குடாநாட்டையே கலங்க வைத்ததற்குப் பின்னாலும் இந்த மரபே இருந்தது.

எனினும் ஒரு வேறுபாட்டை மறைக்க முடியாது. யாழ்ப்பாணத்துக் கலைஞர்கள் இந்த மரபை ஏற்றுக்கொண்டபோதும், யாழ்ப்பாணத்துப் பெண்கள் மேடையேறுவதைச் சமூகம் ஏற்றுக்கொள்ளவில்லை. சந்திரமதி, வள்ளி, கண்ணகி ஆகிய பாத்திரங்களை ஆண்களே ஏற்று நடித்தனர். கலையரசு சொர்ணலிங்கம் போன்ற கற்றோர் முன்னெடுத்த நாடக சபைகளிலும் நிலைமை இதுவாகவே இருந்தது. கடல் கடந்து வந்த நடிகையின் பாட்டைக் கேட்கக் காசு கொடுத்துக் காத்திருந்தவர்கள், தமது வீட்டுப் பெண் பாடி நடிப்பதை எண்ணிப் பார்க்கவும் விரும்பவில்லை. இந்த மனப்பாங்கு எமக்கு மட்டும் உரியதன்று. பிரான்ஸின் புகழ்பெற்ற நடிகை அட்ரியென் லெகுவ்ரர் 1730 இல் மறைந்தபோது, நடிகை என்ற காரணத்தால் அவருக்குக் கிறிஸ்தவ அடக்கம் மறுக்கப்பட்டது. 1883 இல் கல்கத்தாவில் எழுந்த ஒரு நாடக அரங்கு உருவாவதற்குக் காரணமாக இருந்தவர் நடிகை விநோதினி தாசி. அவர் பெயரைச் சூட்டுவதாகச் சொல்லப்பட்ட அந்த அரங்குக்கு, இறுதியில் ஸ்டார் தியேட்டர் என்றே பெயரிடப்பட்டது.

இத்தகைய சூழலிலேதான் சுந்தராம்பாளின் இலங்கைப் பயணம் அமைந்தது. ஒலிவாங்கி பாவனைக்கு வராத அந்நாளில், கொட்டகையின் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் கேட்கும்படி மணிக்கணக்காகப் பாடவல்ல குரல் அவருடையது. கொழும்பில் அவரது நாடகங்களுக்குக் கூட்டம் திரண்டது. அதே காலத்தில் தமிழகத்தில் தனிப்பெரும் புகழோடு விளங்கியவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. உச்சஸ்தாயியில் தடையின்றிச் சஞ்சரிக்கும் அவரது குரலுக்கு ஈடில்லை என்று சங்கீத வித்துவான்களே ஒப்புக்கொண்டிருந்தனர். இவ்விருவரையும் ஒரே மேடையில் நிறுத்த வேண்டும் என்று நாடக ஏற்பாட்டாளர்கள் விரும்பினர். கொழும்பில் இருவரும் இணைந்து நடித்தனர். 1926 இல் நிகழ்ந்த இச்சந்திப்புக்கு முன்னர், மற்றவரின் குரலுக்கு முன்னால் நிற்க முடியாது என்று இருவரிடமும் தனித்தனியே அச்சமூட்டியவர்களும் இருந்தார்களாம். மேடையில் இரண்டு குரல்களும் ஒன்றையொன்று வீழ்த்தவில்லை, ஒன்றையொன்று உயர்த்தின.

மேடைத் தோழமை வாழ்க்கைத் துணையாக மாறியது. 1927 இல் மாயவரத்தில் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். கிட்டப்பா பிராமணக் குடும்பத்தவர், ஏற்கனவே மணமானவர். சுந்தராம்பாள் வேறு சாதியில் பிறந்தவர். குடும்பமும் சமூகமும் இத்திருமணத்தை மனமுவந்து ஏற்கவில்லை. சில ஆண்டுகள் அந்தக் கலை இணை தமிழகம் முழுவதையும் தன்பால் ஈர்த்து வைத்திருந்தது. அவர்களது பாடல்கள் இசைத்தட்டுக்களில் பதிவாகி, நாடகத்தைப் பார்க்க வாய்ப்பில்லாதவர்களின் வீடுகளையும் சென்றடைந்தன.

ஆனால் இல்லறம் நிலைக்கவில்லை. மனவேற்றுமை வளர்ந்து பிரிவாக முடிந்தது. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வெளிவந்துள்ளன. ஆயிரக்கணக்கானோரைத் தன் குரலால் ஆட்கொண்ட ஒரு பெண், ஒருவரது மனத்தை மட்டும் திரும்பப் பெற முடியாமல் தவித்த தவிப்பை அவற்றில் காணலாம். கோபமும் உரிமையும் கெஞ்சுதலும் சுயமரியாதையும் அவற்றில் மாறி மாறி வருகின்றன. உடல் நலம் குன்றிய கிட்டப்பா 1933 டிசெம்பர் 2 ஆம் திகதி காலமானார். அப்போது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்றிலிருந்து அவர் வெண்ணிற ஆடைக்கு மாறினார். நகைகளைத் துறந்தார். எந்த ஆண் நடிகருக்கும் இணையாக இனி நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். சிறிது காலம் மேடையையே விட்டு விலகியிருந்தார். இந்த முடிவு அவரே விரும்பி எடுத்ததாகும். அதன் பின்னாலிருந்த அன்பின் ஆழத்தை எவரும் சந்தேகிக்க முடியாது. பிற்காலத்தில் பட்டமும் பதவியும் வந்தபோதும் அவர் அதிலிருந்து விலகவில்லை.

ஒதுங்கியிருந்தவரை மீண்டும் பொதுவாழ்வுக்கு இழுத்து வந்தது தேசிய இயக்கம். காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி, நாடகக் கலைஞர்களின் ஆற்றலை நன்குணர்ந்தவர். மக்களிடம் பேச்சு செல்லாத இடத்துக்கும் பாட்டு செல்லும் என்பதை அறிந்திருந்த அவர், சுந்தராம்பாளைப் பிரசார மேடைகளுக்கு அழைத்தார். 1937 இல் நடைபெற்ற சென்னை மாகாணத் தேர்தலில் அவரது குரல் காங்கிரஸுக்குப் பெரும் பலமாக அமைந்தது. காந்தியடிகள் கொடுமுடியில் அவரது இல்லத்துக்கு வந்தபோது, பொன் தட்டில் உணவு பரிமாறப்பட்டதாகவும், உணவோடு தட்டும் எனக்குத்தானா என்று காந்தியடிகள் கேட்டதாகவும், கொடுக்கப்பட்ட தட்டை அவர் ஏலத்தில் விட்டு இயக்க நிதிக்குச் சேர்த்ததாகவும் கூறுவர்.

இதே காலத்தில் தமிழ்த் திரையுலகமும் அவரைத் தேடி வந்தது. 1931 இல் வெளிவந்த காளிதாஸ் படத்துடன் தமிழ்த் திரை பேசத் தொடங்கியிருந்தது. பாடத் தெரிந்தவரே நடிகர் என்ற நிலையில், படத் தயாரிப்பாளர்கள் நாடக மேடையையே நம்பியிருந்தனர். ஆண் நடிகருக்கு இணையாக நடிப்பதில்லை என்ற உறுதியைக் காத்துக்கொண்டு சுந்தராம்பாள் எவ்வாறு திரையில் தோன்றுவது? அதற்கு விடையாக அமைந்தது 1935 இல் வெளிவந்த நந்தனார். அதில் அவர் நந்தனாராகவே, ஓர் ஆணாகவே நடித்தார். வேதியராக நடித்தவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். இப்படத்துக்காக அவருக்கு வழங்கப்பட்ட ஊதியம் 1 இலட்சம் ரூபா என்பது நாடெங்கும் பேசப்பட்டது. ஆண் நடிகர் எவருக்கும் அவ்வளவு பெரிய தொகை அதுவரை கிடைத்ததில்லை என்பர். புகையிரதத்தில் சில்லறைக்காகப் பாடிய சிறுமி கால் நூற்றாண்டுக்குள் எட்டிய உயரம் இது.

1940 இல் மணிமேகலை வெளிவந்தது. அதன்பின் நீண்ட இடைவெளி விட்டு, 1953 இல் ஜெமினி எஸ்.எஸ். வாசனின் தயாரிப்பில், கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில் ஒளவையார் வந்தது. தமிழர் வாழும் இடமெங்கும் அப்படம் கொண்டாடப்பட்டது. நூல்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த ஒளவைக்கு அவர் நிரந்தரமான ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டார். 1964 இல் கலைஞர் மு. கருணாநிதியின் கதை வசனத்தில் உருவான பூம்புகாரில் சமணத் துறவி கவுந்தி அடிகளாகவும், 1965 இல் திருவிளையாடலில் மீண்டும் ஒளவையாராகவும் நடித்தார். அரசியலில் வேறு அணியிலும் சமயத்தில் ஆழ்ந்த முருக பக்தியிலும் நின்ற அவர், பகுத்தறிவு இயக்கத்தவரின் படத்தில் நடித்தமை இரு தரப்பினரதும் பெருந்தன்மைக்குச் சான்றாகும். துணைவன் படத்தில் பாடியமைக்காக 1969 ஆம் ஆண்டுக்குரிய சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றார். 1970 இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, 1951 இல் அவர் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினராக்கப்பட்டிருந்தார். இந்தியாவில் திரைக்கலைஞர் ஒருவர் சட்டமன்றத்தில் இடம்பெற்றது அதுவே முதல் தடவை என்று குறிப்பிடப்படுகிறது. பின்னர் தமிழ்நாட்டில் நாடகத்திலிருந்தும் திரையிலிருந்தும் வந்தவர்கள் முதலமைச்சர்களாகவே ஆனார்கள். அந்தப் பாதையில் முதலில் நடந்தவர் ஒரு பெண் என்பதை இன்று அரசியல் பேசுவோர் அநேகமாக நினைவுகூர்வதில்லை. 1980 செப்டெம்பரில் அவர் காலமானார்.

இது ஒரு வெற்றிக் கதை என்று முடித்துவிடலாம். ஆனால் அவர் திரையில் ஏற்ற பாத்திரங்களை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகின்றது. நந்தனார் ஓர் ஆண். மணிமேகலை இளமையிலேயே உலகைத் துறந்த பௌத்தத் துறவி. ஒளவையார், இளமை தனது பணிக்குத் தடை என்று இறைவனிடம் முதுமையைக் கேட்டுப் பெற்றதாகக் கதை சொல்லப்படுபவர். கவுந்தி அடிகள் சமணத் துறவி. 1973 இல் அவர் நடித்த காரைக்கால் அம்மையாரோ, அழகிய உடலை வேண்டாம் என்று உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவர். அப்படத்தில் இல்லறத்தில் வாழும் இளம் புனிதவதியாக நடித்தவர் நடிகை லட்சுமி. அவள் அனைத்தையும் துறந்து அம்மையாரான பின்னரே சுந்தராம்பாள் திரையில் வருகின்றார்.

பெண்ணொருத்தி வீதியில் நடக்கவும், அவையில் பேசவும், அரசனுக்கு அறிவுரை கூறவும் வேண்டுமாயின், அவள் முதலில் தன் இளமையைக் கைவிட வேண்டும் என்பதே எமது பழங்கதைகள் பலவும் சொல்லும் செய்தி. சுந்தராம்பாளின் வாழ்வும் அக்கதையாகவே முடிந்தது. வண்ணச் சேலையுடன் மேடையில் வள்ளியாக ஆடியபோது அவருக்குக் கிடைத்தது கைதட்டல். வெண்ணிற ஆடையுடன் விபூதி தரித்து நின்றபோது கிடைத்தது மரியாதை. குரல் இரண்டு காலத்திலும் ஒன்றுதான்.

அவரது சமகாலத்தவரான டி.பி. இராஜலட்சுமியின் கதையை அருகில் வைத்துப் பார்த்தால் இது மேலும் விளங்கும். காளிதாஸ் படத்தின் கதாநாயகி அவரே. 1936 இல் மிஸ் கமலா என்ற படத்தை இயக்கி, தமிழ்த் திரையின் முதற் பெண் இயக்குநர் என்ற இடத்தையும் பெற்றவர். குழந்தை மணத்தின் கொடுமையை அனுபவித்து மீண்டு, மறுபடியும் மணம் புரிந்து, எழுதி, நடித்து, படம் தயாரித்து வாழ்ந்தவர். அவர் எதனையும் துறக்கவில்லை. சொந்தப் படங்களில் பொருளை இழந்து 1964 இல் அவர் மறைந்தபோது, அவரைப் போற்றிக்கொண்டிருந்த உலகு அவரைப் பெரும்பாலும் மறந்துவிட்டிருந்தது. துறந்தவருக்குச் சமூகம் ஆசனம் கொடுத்தது. துறக்காதவரை அது வரலாற்று ஆசிரியர்களிடம் விட்டுவிட்டது.

இதனால் சுந்தராம்பாளின் பெருமை குறைந்துவிடாது. அவர் தமக்கு விதிக்கப்பட்ட எல்லைக்குள் நின்றே அந்த எல்லையைப் பெருப்பித்தவர். சம்பளம் பேசுவதில் எந்த ஆணுக்கும் தாழ்ந்து நிற்கவில்லை. தமக்குச் சரியென்று பட்ட பாத்திரங்களை மட்டுமே ஏற்றார். தமது பெயருக்கு முன்னால் தாயின் பெயரையே தாங்கி நின்றார். கேள்வி அவரைப் பற்றியதன்று, எம்மைப் பற்றியது. ஒரு பெண் கலைஞருக்கு மரியாதை கொடுப்பதற்கு அவரிடமிருந்து இவ்வளவு பெரிய விலையை எதற்காக எதிர்பார்த்தோம்?

எமது குடாநாட்டில் நிலைமை மாறாமல் இல்லை. 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும், பாடசாலை நாடகங்களும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நாடகமும் அரங்கியலும் கற்கையும் பெண்கள் மேடையேறுவதை இயல்பான ஒன்றாக்குவதற்குப் பெரிதும் உதவின. இன்று எமது பெண் பிள்ளைகள் நாடகம் எழுதுகிறார்கள், நெறியாள்கை செய்கிறார்கள், குறும்படங்களில் நடிக்கிறார்கள். ஆயினும் அவ்வாறு நடித்த பெண்ணொருத்தியின் படம் சமூக ஊடகங்களில் வெளிவந்தவுடன் அதன் கீழ் எழுதப்படும் சொற்களைப் படித்துப் பாருங்கள். கூத்தாடி என்ற பழைய சொல் போய்விட்டது. அதன் உட்பொருள் புதிய சொற்களில் அப்படியே இருக்கின்றது. பெண் பிள்ளை நடிக்கப் போகிறாள் என்றதும் அவளது கலைத்திறனைப் பற்றிக் கேட்பதற்கு முன், கலியாணச் சந்தையில் அவளது நிலை என்னவாகும் என்று கேட்கும் உறவினர்கள் எல்லாச் சமயத்தவர் வீடுகளிலும் இருக்கின்றார்கள். தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடு இதில் இல்லை. பெண்ணின் குரலைப் பற்றிய இந்த அச்சத்தை நாம் எல்லோரும் சமமாகவே பகிர்ந்து கொண்டிருக்கிறோம்.

சுந்தராம்பாளின் பாடல்களை நாம் தொடர்ந்து கேட்போம். அவை கேட்கப்பட வேண்டியவை. அவற்றைக் கேட்கும் வேளையில், அந்தக் குரல் முதன்முதலில் பெரும் புகழ் பெற்றது கொழும்பு மேடையில் வண்ண உடையுடன் நின்ற பதினெட்டு வயதுப் பெண்ணிடமிருந்து என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நன்று. எமது ஊரில் பாடவும் நடிக்கவும் ஆசைப்படும் அதே வயதுப் பெண்ணுக்கு, அவள் முதுமை அடையும் வரை காத்திராமல், எதனையும் துறக்கும்படி கேளாமல், உரிய மதிப்பை இன்றே கொடுக்க நாம் பழகிக்கொள்ள வேண்டும்.